பதினோரு பழம்

ரம்பம் வெட்டுகிறதா என்று பார்க்க, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சும்மா நின்ற மரத்தில்தான் முதலில் கை வைத்தார் பிளம்ஸ்காரர். இரண்டே நிமிடம், மரம் சாய்ந்துவிட்டது.

"ஐயோ, அது என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று ஓடி வந்தாள் மனைவி.

"துணி காயப்போட வேற இடமா இல்ல? தோட்டமே போகுது, இதுக்குப் போய் அழற!"

பிளம்ஸ்காரர் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். கிண்டல்தான். அந்த மலைச்சரிவில் வெளிநாட்டு பிளம்ஸ் நட்ட முதல் ஆள் அவர். மூன்று வருடமாக மரமெல்லாம் வெள்ளை வெளேரென்று பூக்கிறது, பூத்ததெல்லாம் கொட்டிப்போகிறது. மனுஷர் நொந்தே போனார். இன்று அத்தனையையும் வெட்டிவிட்டு, நாளை பெண்டாட்டி பிள்ளைகளோடு டவுனில் கூலி வேலைக்குப் போய்விடுவது என்று முடிவு.

போகிற முன் நாற்று விற்றவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டாமா? ஃபோன் போட்டு வரவழைத்திருந்தார்.

வந்த நர்சரிக்காரர் வரிசை வரிசையாக நடந்தார். துவைக்கிற கல்லை ஒட்டிய மூலை மரத்தடியில் நின்றுவிட்டார். "இதுல காய்ச்சிருக்கே!"

"பதினோரு பழம். அதுவும் இந்த வருஷம்தான். துவைக்கிற தண்ணி பாயுதுல்ல, அதான். மத்ததெல்லாம் உங்க கைங்கர்யம்! நூறு நாத்து கேட்டா, அதுல பத்து வேற ரகத்தைக் கலந்து அனுப்புனீங்கள்ல? இலையைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சு, பத்தையும் பிடுங்கி எறிஞ்சேன். யார்கிட்ட?"

நர்சரிக்காரருக்கு முகம் வெளுத்தது. "அடக் கடவுளே! அது கலப்படம் இல்லீங்க. இந்த ரகம் தன் மகரந்தத்துல காய்க்காது. அந்தப் பத்தோட மகரந்தம் பட்டாத்தான் பிஞ்சு பிடிக்கும். சீட்டுல எழுதிக் கொடுத்தேனே!"

பிளம்ஸ்காரர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். படிக்காமல் கிழித்துப் போட்ட சீட்டு அது.

"இருங்க, இருங்க. பதினோரு பழம் வந்திருக்குன்னா, நீங்க எறிஞ்ச பத்துல ஒண்ணு பக்கத்துல எங்கயோ பிழைச்சு, இந்த வருஷம் பூத்திருக்கு. அந்த ரகம் இப்ப எங்கிட்டயே கிடையாது. ஆனா அது ஒண்ணு நின்னாப் போதும், வருஷா வருஷம் தோட்டம் தேறிடும். எதையும் வெட்டாதீங்க!"

பிளம்ஸ்காரர் துள்ளி எழுந்தார். "எங்க? எங்க இருக்கு?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் எறிந்ததில் ஒன்றை மனசு கேட்காமல் நான்தான் நட்டு வைத்தேன் என்று சொல்வதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"காலையில ரம்பம் வெட்டுதான்னு பார்த்தீங்களே... அதுதாங்க."