வலது கணுக்கால்

திருடன் வைத்தியத்துக்கு இங்கேதான் வந்தாக வேண்டும் என்பதில் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை.

கடற்கரையை ஒட்டிய அந்தப் புறநகரில் இருந்த ஒரே பிசியோதெரபி கிளினிக் அவருடைய மாப்பிள்ளையுடையது. வரவேற்பு மேஜையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவர் மாமியார். புதன்கிழமை மத்தியானம் அவர் குட்டித் தூக்கத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது ஒருத்தன் அங்கே புகுந்து, அலமாரியிலிருந்த தங்கச் சங்கிலியை எடுத்துக்கொண்டான். அவர் போட்ட கூச்சலில் முதல் மாடி பால்கனியிலிருந்து மணலில் குதித்தவன், வலது காலை இழுத்து இழுத்துத்தான் ஓடினான். முகம் தெரியவில்லை. முதுகும் நொண்டலும்தான் தெரிந்தன.

சங்கிலி சாதாரணமானதில்லை. கணவர் இருந்தவரை வாங்கித் தராமல் இழுத்தடித்து, அவர் போன பிறகு மாமியார் தனக்குத்தானே வாங்கிப் போட்டுக்கொண்டது.

உடனே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். "கால் பிசகினவன் எங்க வருவான்? எங்க கிளினிக்குக்குத்தானே? மஃப்டியில ஒரு ஆளை நோயாளி மாதிரி அனுப்புங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"அனுப்பறோம்மா" என்றார்கள்.

மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிட்டார். நாற்பது வயது, ஒட்ட வெட்டிய முடி, வலது காலை ஊன்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாமியார் மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்டேஷன்லேருந்துதானே?"

அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். "ம்" என்றார்.

"நல்லாவே நொண்டறீங்க. எங்க மாப்பிள்ளைக்குக்கூடத் தெரிய வேண்டாம். அவர் வாய்ல எதுவும் தங்காது."

"சரிம்மா. ரகசியமாவே இருக்கட்டும்."

அரைமணி கழித்து மாப்பிள்ளை திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "அத்தை, சரியான சுளுக்கு. மூணு வாரம் தினமும் வரச் சொல்லுங்க."

மாமியார் பேனாவைக் கீழே வைத்தார். இல்லாத சுளுக்குக்கு மூன்று வார வைத்தியம். இந்த மனுஷனை நம்பியா பெண்ணைக் கொடுத்தோம்?

"வீக்கம்கூட இருக்கா மாப்பிள்ளை?"

"நல்லா இருக்கே. முட்டை மாதிரி."

"இருக்கும், இருக்கும். உங்க கண்ணுக்கு எதுதான் தெரியாது."

அந்தக் கிளினிக்கில் நோயாளிகள் வலி வாரியாகப் பிரிந்துதான் உட்காருவார்கள். முழங்கால்காரர்கள் ஜன்னலோரம், கழுத்துக்காரர்கள் மின்விசிறிக்கு அடியில், கணுக்கால்காரர்கள் வாசல் பெஞ்சில். எப்படி விழுந்தோம் என்பதைத் தத்தம் கோஷ்டிக்குள் மணிக்கணக்காகப் பேசித் தீர்ப்பார்கள். மாமியார் போலீஸ்காரரை வாசல் பெஞ்சில், பெயின்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

பெயின்டர் மீதுதான் அவருக்குக் கண். அவனுக்கும் வலது கணுக்கால். ஏணியிலிருந்து விழுந்தானாம். போன மாதம்தான் மாமியார் குடியிருக்கும் கட்டடத்துக்கு வெள்ளையடித்துவிட்டுப் போனவன்.

"என்ன சொல்றான்?" என்று தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கேட்டார்.

"ஏணின்னுதான் சொல்றான்."

"எந்த ஏணி, எத்தனாவது படின்னு கேளுங்க. தடுமாறுவான்."

"அவசரப்படாதீங்கம்மா. கையும் களவுமாப் பிடிக்கணும்."

"அதுக்குள்ள என் சங்கிலிய வித்துட்டான்னா?"

"வித்திருக்க மாட்டான். பத்திரமாத்தான் இருக்கும்."

அந்த நிதானம் மாமியாருக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து அவரை வரிசையில் காக்க வைக்காமல் முதல் ஆளாக உள்ளே அனுப்பினார். முழங்கால் கோஷ்டி முணுமுணுத்தது. மாமியார் முறைத்ததும் அடங்கியது.

இரண்டாவது வாரம் அவருக்கு இன்னொரு பயம் வந்தது. "பெயின்டர் என் நோட்டை எட்டி எட்டிப் பார்க்கறான். யார் எந்த நேரம் இங்க படுத்திருப்பாங்கன்னு இதுல இருக்கு. அந்த நேரம் அவங்க வீடு பூட்டித்தானே கிடக்கும்? நீங்களும் பார்த்து வெச்சுக்குங்க. அந்தப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்."

"இது எனக்குத் தோணவே இல்லம்மா" என்று போலீஸ்காரர் நோட்டைக் கையில் வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

உள்ளே வைத்தியம் நடந்துகொண்டே இருந்தது. ஐஸ், ரப்பர் பட்டை, ஆடுகிற பலகைமேல் ஒற்றைக்கால் நிற்பு. மூன்றாவது வாரக் கடைசியில் ஸ்டூல்மேல் ஏறிக் குதித்துக் காட்டினார். மாப்பிள்ளை கையே தட்டிவிட்டார்.

"பாத்தீங்களா அத்தை? எப்படி வந்தார், எப்படிப் போறார்."

"பாத்தேன், பாத்தேன். வர்றப்பவே நல்லாத்தான் இருந்தார்" என்று மாமியார் வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

போலீஸ்காரர் விடைபெற்றார். "நாளையிலேருந்து எனக்கு வெளி வேலைம்மா. உங்க உதவிய மறக்க மாட்டேன்."

இரண்டு நாள் கழித்து, சீருடையில் வேறொரு போலீஸ்காரர் மேஜை முன்னால் வந்து நின்றார். மாமியார் எழுந்தேவிட்டார்.

"பெயின்டரைப் பிடிச்சாச்சா?"

"எந்தப் பெயின்டர்? நான் இப்பத்தாம்மா வர்றேன். மஃப்டியில ஆள் வேணும்னு போன் பண்ணீங்களாமே. வேற டியூட்டி போட்டுட்டாங்க, மூணு வாரம் தள்ளிப்போச்சு."

மாமியார் மெதுவாக உட்கார்ந்தார்.

"இனிமே இங்க காத்திருந்தும் பிரயோஜனமில்லம்மா. நேத்துக் காலையில மறுபடியும் அவன் கைவரிசை. வீட்டுக்காரம்மா அந்த நேரம் இங்க இடுப்புக்கு ஒத்தடம் போட்டுக்கிட்டு இருந்தாங்களாம். ரெண்டாவது மாடியிலேருந்து மணல்ல குதிச்சு ஓடியிருக்கான். துரத்தினவங்களால கிட்டக்கூட நெருங்க முடியல. நொண்டல்னு ஒண்ணு இருந்ததாவே தெரியலையாம்."

திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை யாருடைய முழங்காலையோ மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக, அவருக்குத் தொழில் தெரியும் என்பதை மாமியார் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.