பதினாலு நாள் சூப்

தூக்குவாளி வந்தது. சூப் வேண்டாம் என்ற செய்தியும் கூடவே வந்தது.

"இன்னைக்குப் பார்சல் வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார் பார்சல் அண்ணன், சைக்கிளை விட்டு இறங்காமலே.

அவ்வளவுதான். இருந்த ஒரே வாடிக்கையும் கையை விரித்துவிட்டது.

அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது, ஒரே ஒரு ஆளுக்கு. பதினாலு நாளாக அந்த ஒருவரை நம்பித்தான் கடையைத் திறக்கிறேன். ஒரு ஆள் சாப்பிட்டாலும் ஓட்டல் ஓட்டல்தான் என்று வீம்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அந்த வீம்புக்கும் வழியில்லை. சாயங்காலம் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வாசலில் ஆறடிக்கு ஒன்றாக நான் சாக்பீஸால் போட்ட வட்டங்கள். ஆட்கள் நிற்பதற்காகப் போட்டது. முதல் வட்டத்தில் ஒரு புறா நின்றுகொண்டிருந்தது.

எல்லாம் பெரியப்பா வாயைத் திறந்ததால் வந்த வினை.

பெரியப்பா பள்ளிக்கூட லேபில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவருக்குப் பட்டப்பெயர் வானொலி. ஊரடங்கின் மூன்றாவது வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டார். "ஓட்டல் பார்சல்ல கிருமி ஒட்டிக்கிட்டு வரும். யாரும் வாங்காதீங்க."

சொந்தத் தம்பி மகள் ஓட்டல் நடத்துகிறாள் என்பது அந்த நேரம் அவர் ஞாபகத்தில் இல்லை. காலையில் போட்ட பதிவு, மதியத்துக்குள் தெரு முழுக்கச் சுற்றி என் கடை வாசலுக்கே வந்துவிட்டது.

சுகாதாரத் துறையின் அறிவிப்பைக் கதவில் ஒட்டினேன். சாப்பாடு வழியாக இது பரவுவதாகத் தெரியவில்லை, ஆட்கள் நெருங்கி நின்று பேசும்போது மூச்சுக்காற்றில்தான் பரவுகிறது, பார்சலைப் பிரித்ததும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. குழுவிலும் அனுப்பினேன். பெரியப்பா எதற்கும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

"செஞ்சு பாத்தியா?"

எனக்கு வந்ததே கோபம். "கிருமி என் சூப்புல இல்ல பெரியப்பா, உங்க நாக்குலதான் இருக்கு" என்று எழுதிப் போட்டுவிட்டுக் குழுவை விட்டு வெளியேறினேன்.

அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் சொன்னது தப்புதான். ஆனால் அதை அவரிடமே போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சண்டைக்கு மறுநாளிலிருந்துதான் இந்தத் தூக்குவாளி வர ஆரம்பித்தது. தினமும் மதியம் ஒரு சூப். காலியாகத் திரும்பி வரும்போது சோப்பு வாசனை மூக்கைத் துளைக்கும். யார் வீட்டுக்கு என்று கேட்டால் பார்சல் அண்ணன், "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கம்மா" என்று நழுவிவிடுவார். தனியாக இருக்கும் யாரோ ஒரு அம்மாளாக்கும் என்று நானே முடிவுகட்டி, காய்கறி நாலு துண்டு கூடுதலாகவே போட்டு அனுப்பினேன்.

கழுவிக் கவிழ்த்துவிடலாம் என்று மூடியைத் திறந்தேன். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள்.

கட்டம் போட்ட தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது.

நோக்கம்: ஓட்டல் பார்சல் உண்பதால் தொற்று வருமா எனக் கண்டறிதல்.

சோதனைக்கு உட்பட்டவர்: நான்.

நாள் 1. காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. பயம் உண்டு.

நாள் 2. காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. தூக்கமும் இல்லை.

நாள் 5. பயம் குறைவு. பசி அதிகம்.

நாள் 9. தொண்டையில் எரிச்சல். காரணம், மிளகு.

நாள் 13. உப்பு சற்றுத் தூக்கல்.

அந்த எழுத்து எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் எல்லாம் பெயர் எழுதிக் கொடுத்த கை அது.

அடுப்பைத் தணித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எழுபது வயது. வீட்டில் தனி ஆள். இதைக் குடித்தால் செத்துப்போவோம் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டுதான் அந்த மனிதர் முதல் கரண்டியை வாயில் வைத்திருக்கிறார். அழுகை வந்துவிட்டது. முகக்கவசம் போட்டிருந்தது வசதியாகப் போயிற்று.

தாளின் அடியில் இன்னும் இரண்டு வரி இருந்தது.

குறிப்பு: ஒரு ஆளை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஆகவே சுகாதாரத் துறை அறிவிப்பையும் முழுதாகப் படித்தேன். அவர்கள் சொல்வது சரி.

முடிவு: கிருமி சூப்பில் இல்லை. நாக்கில் இருந்தது குணமாகிவிட்டது.

"அப்புறம் ஏன் இன்னைக்கு வேணாம்னாரு?" என்று கேட்டேன்.

பார்சல் அண்ணன் வாசல் பக்கம் முகவாயைத் தூக்கிக் காட்டினார்.

புறா பறந்துவிட்டிருந்தது. முதல் வட்டத்தில், கோட்டை மிதிக்காமல், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசத்தோடு பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் இன்னொரு தூக்குவாளி, முன்னதைவிடப் பெரியது. அவருக்குப் பின்னால் ஆறடி தள்ளி எதிர்வீட்டு டெய்லர். அவருக்கும் பின்னால், அந்தக் குரல்பதிவை எனக்கே அனுப்பிவைத்த மருந்துக்கடைக்காரர்.

இரண்டு முகக்கவசத்தையும் மீறி வானொலி தெருக்கோடி வரை கேட்டது.

"உப்ப மட்டும் பாத்துப் போடு!"

பதின்மூன்றாம் நாள் உப்பு சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவில்லை. பெரிய பாத்திரத்தை எடுத்து அடுப்பில் ஏற்றினேன்.