நான்காயிரம் சொல் முன்னுரை

"கிரோஸ்தான் வரான்" என்றாள் ராதோஸ்தினின் மனைவி நெத்கா, சன்னலோரம் நின்றபடி. "கையில பை ஒண்ணு தொங்குது. கனமாத்தான் இருக்கும் போல."

ராதோஸ்தின் மடிக்கணினியை மூடினார். ஒரு மாதமாக எதிர்பார்த்ததுதான். மேயர் வென்சிஸ்லாவுக்கு யார்மீதாவது கோபம் வந்தால் அந்த ஆளின் வீட்டுக்குக் கிரோஸ்தான் போவான். ஆற்றுமணல் லாரிகளைப் படம் பிடித்த ஒருவன் இன்றுவரை ஊன்றுகோலோடுதான் நடக்கிறான்.

"கதவைத் திறக்காதே."

"திறக்கலேன்னா உடைப்பான். நேத்துதான் சாயம் அடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் திறக்கப் போனாள்.

ஒரு காலத்தில் ஊரே ராதோஸ்தினின் 'கலங்கரை' வலைப்பூவைப் படித்தது. காப்பிக் கடைகளில் அச்செடுத்து ஒட்டினார்கள். குடிநீர்க் குழாய் ஊழலை எழுதி ஒரு மேயரையே வீட்டுக்கு அனுப்பினார். தலைநகர் சோஃபியாவிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்து பேட்டி எடுத்தார்கள். அடுத்து வந்த நகராட்சி அந்த வலைப்பூவை உள்ளூர்ப் பத்திரிகை என்றே பதிவு செய்து கௌரவித்தது.

இப்போது ஊர் முழுக்க முகநூல் குழுவில் குடியிருந்தது. யார் வீட்டுப் பூனை தொலைந்தது, யார் கல்யாணத்தில் ஆட்டுக்கறி வேகவில்லை என்று அங்கே விடிய விடிய விசாரணை. கலங்கரைக்கு வந்த பின்னூட்டங்களை இளைக்கும் மாத்திரை விற்கும் இயந்திரங்கள்தான் எழுதின. அவற்றுக்கும் ராதோஸ்தின் நன்றி சொல்லிப் பதில் போட்டார்.

போன மாதம்தான் அந்தத் தபால் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே, டான்யூப் ஆற்றங்கரைப் பூங்காவை மேயர் தன் மைத்துனனுக்கு அடிமாட்டு விலையில் விற்கப் போவதற்கான ஆவணங்கள். ஊரில் சாயங்காலம் காலாற நடக்க இருக்கும் ஒரே இடம் அந்தப் பூங்கா. ராதோஸ்தின் வரைபடம், எல்லை, விலை எதையும் விடாமல் வெளியிட்டார். ஊடக அறத்தின் வீழ்ச்சி குறித்து நான்காயிரம் சொல்லில் ஒரு முன்னுரையும் சேர்த்தார்.

"அந்த முகநூல் குழுவுல ரெண்டு வரி போடுங்களேன்" என்று நெத்கா அன்றே சொன்னாள். "பூங்கா போகுதுன்னு தெரிஞ்சா சனங்க சும்மா விட மாட்டாங்க."

"அது சந்தைக்கடை. என் எழுத்து அங்கே கூவி விக்கிற சரக்கு இல்லை. வேணுங்கறவன் தேடி வந்து படிக்கட்டும்."

அன்றிலிருந்து தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று அவர் நம்பினார். இறந்தவர்களுக்காகக் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவார்களே, அந்தத் தாளுக்குப் பேனா பிடித்தபடி ஒரு படம்கூட எடுத்து வைத்துவிட்டார்.

"உங்களைக் கொல்லணும்னா முதல்ல அதைப் படிச்சிருக்கணும்" என்றாள் நெத்கா. "அவ்வளவு பொறுமை இருக்கறவன் எதுக்கு அடியாள் வேலைக்குப் போறான்?"

கிரோஸ்தான் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். சமையலறை நாற்காலி அவன் கனத்தில் முனகியது. பையை மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, மேயர் உங்க பதிவைப் படிச்சாரு."

பயத்தையும் மீறி ராதோஸ்தினின் முகம் மலர்ந்தது. "முழுசாவா?"

"முன்னுரையைத் தாண்டித் தாண்டித்தான்."

"எடுக்கச் சொல்லி அனுப்பினாரா? ஓர் எழுத்தைக்கூட நீக்க மாட்டேன்! அடிக்கிறதுன்னா அடி. உண்மை ஊருக்குத் தெரிஞ்சாச்சு."

"யாருண்ணே நீக்கச் சொன்னது? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கிரோஸ்தான் பைக்குள் கைவிட்டான். ராதோஸ்தின் கண்களை இறுக மூடிக்கொண்டார். மேசையில் ஏதோ கனமாக உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"ராக்கியாங்க" என்றாள் நெத்கா. "கண்ணைத் திறங்க."

மேயர் வீட்டிலேயே காய்ச்சிய ஆப்ரிகாட் பழச் சாராயம். போத்தல் கழுத்தில் நாடா கட்டியிருந்தது.

"என்னை விலைக்கு வாங்கப் பாக்கறியா?"

"சேச்சே, இது நன்றிக்கு. பூங்கா இன்னிக்குக் காலையில கைமாறிடுச்சு. மேயருக்கு ஒரே சந்தோசம்."

"கைமாறிடுச்சா? எப்படி?" ராதோஸ்தின் எழுந்துவிட்டார். "நான் அத்தனையும் வெளியே போட்டு ஒரு மாசமாச்சு. ஒருத்தர்கூடவா ஆட்சேபம் சொல்லலை?"

"ஒருத்தரும் சொல்லலைண்ணே. தினமும் நகராட்சியில விசாரிச்சோம்."

நெத்கா சிரிப்பை அடக்க முடியாமல் அலமாரியைத் திறந்து குவளைகளைத் தேடினாள்.

"அப்போ எனக்கெதுக்குடா நன்றி?"

கிரோஸ்தான் போத்தலைத் திறந்து அவருக்கு முதலில் ஊற்றினான்.

"பொது நிலத்தை விக்கறதுக்கு முன்னாடி முழு விவரத்தையும் உள்ளூர்ப் பத்திரிகை ஒண்ணுல ஒரு மாசம் போட்டாகணும்ங்கறது சட்டம்; எங்கே போட்டாலும் யாராவது படிச்சுத் தொலைச்சிடுவாங்களேன்னு மேயர் தவிச்சுக் கிடந்தாரு, அப்புறந்தான் உங்க ஞாபகம் வந்து, அந்தக் காகிதமெல்லாம் உங்களுக்குத் தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு."