பழைய சுரங்கத்து ஃபைல்

“சார், கூரை இறங்கும்னு சொல்லுது! இன்னும் நாற்பதே நிமிஷம்!”

அவள் போட்ட கூச்சலில் மேனேஜர் எழுந்து ஓடி வந்தார். திரையைப் பார்த்ததும் கைதட்டினார். “சபாஷ்! பாஸாயிட்டம்மா நீ!”

சும்மாவா, ஆறு மாதப் பாடு. புதுச் சுரங்கத்தின் கூரைப் பாறையில் இருநூறு மைக்குகள். பாறைக்குள் இரவு பகலாகக் கேட்கும் விரிசல் சத்தத்தையெல்லாம் வினாடிக்கு ஒரு வரிசையாக ராட்சசத்தனமான ஒரே ஃபைலில் சேர்த்து, கூரை எப்போது இறங்கும் என்று கணக்குப் போடுகிற புரோகிராம். சி மொழியில் மூவாயிரம் வரி, அத்தனையும் அவள் எழுதியது.

அதைச் சைரனோடு இணைக்கத்தான் மேனேஜர் மசியவில்லை. “பொய்யா அலறினா வேலை நிக்கும், என் தலை உருளும். அஞ்சு வருஷம் முன்னாடி பழைய சுரங்கம் இடிஞ்சுதே, அந்த டேட்டாவைப் போட்டுக் காட்டு. சரியாச் சொல்லிச்சுன்னா அன்னிக்கே இணைச்சிடலாம்” என்று ஒற்றைக் காலில் நின்றார்.

ரெக்கார்ட் ரூம் அண்ணன் காலையிலேயே அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பதாகச் சொல்லியிருந்தார். வந்து பார்த்தாள். ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல் இருந்தது. ஓட்டினாள்.

பழைய பதிவு, கேபிள் அறுந்து, சுரங்கம் இடிவதற்கு முக்கால் மணி முன்பே நின்றுபோன ஒன்று. அப்படியானால் நாற்பது நிமிஷம் என்பது ஏறக்குறைய குறி தப்பாத கணக்கு. மேனேஜர் டீ வரவழைத்தார்.

“உன் புரோகிராம் என்னைக் காப்பாத்துமா, இல்ல நீ கார் ஓட்டுற லட்சணம்தானா?” ஷிப்டுக்கு இறங்கும் முன் போனில் கேலி செய்துவிட்டுப் போன புருஷனை நினைத்துக்கொண்டாள். அவன் புதுச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் டிரில்லர். அவனோடு இன்னும் பதினேழு பேர் கீழே. லிஃப்டில் எல்லாரும் மேலே வந்து சேர இருபது நிமிஷம் ஆகும். இனிமேலாவது ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

டீயைக் குடித்துவிட்டு, ரிப்போர்ட்டில் எழுதுவதற்காக மறுபடி ஓட்டினாள். போன தடவையைவிட முன்னூற்றுச் சொச்சம் வரிசை அதிகமாகப் படித்திருந்தது. கணக்கு முடியும் முன்பே நிறுத்திவிட்டாள்.

“சார், அதே ஃபைல்தான். ஆனா எண்ணிக்கை மாறுது. வரிசை எண்ணுற லூப்ல எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்.”

“ஜெயிச்ச அன்னிக்கு உக்காந்து குத்தம் கண்டுபிடிக்கிறியே! லட்சக்கணக்குல வரிசை இருக்கு, முன்னூறு வந்தா என்ன, போனா என்ன? சாயங்காலம் உன் புருஷன் வந்ததும் முதல்ல இந்த நல்ல சேதியைச் சொல்லு.”

அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒழுங்காக எண்ணத் தெரியாத புரோகிராமை நம்பியா பதினெட்டு உயிரைக் கீழே விடுவது? அதில் ஒன்று தன் வீட்டு உயிர் வேறு. லூப்பை வரி வரியாகத் துழாவினாள். ஒரு தப்பும் இல்லை.

பத்து நிமிஷம் மண்டையை உடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை ஓட்டினாள். இன்னும் அறுநூறு வரிசை கூடியிருந்தது. கூரை இறங்க இருபத்து நான்கு நிமிஷம் என்றது திரை.

“போச்சு, இப்ப இதுவும் மாறுது. புரோகிராம் சொதப்பல்தான் சார். சைரன்ல இணைக்க வேண்டாம்.” சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ரெக்கார்ட் ரூம் அண்ணன் உள்ளே வந்தார். தோளில் பை, முகமெல்லாம் வியர்வை.

“மன்னிச்சுக்கோம்மா, பஸ்ஸு நடுவழியில படுத்துடுச்சு. காலையிலேர்ந்து வேலையை ஆரம்பிக்க முடியாம உக்காந்திருப்பே, பாவம்.”

“நாங்க எப்பவோ ஆரம்பிச்சாச்சே அண்ணே. ஏன்?”

“பழைய சுரங்கத்து டிஸ்க்கு இன்னும் என் பையிலதானே இருக்கு!”