ஒரே ஃபிரேமில் இருவரும்

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே கொட்டிப்போகட்டும்.

ஒன்பது வருடம் ஓடிய நகைச்சுவைத் தொடர் அது. ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு தோழிகள். ஒருத்தி கண்ணாடிக்காரி, ஒருத்தி கொண்டைக்காரி. அவர்கள் வாய்ச்சண்டையைக் கேட்க வீடுகளில் சாப்பாட்டை ஆறவிட்டார்கள்.

நிஜத்தில் இருவருக்கும் முதல் வருடமே பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. எதற்கு என்று கேட்டால் ஒரு சீப்புக்கு என்பார்கள்.

அதனால் காலையில் ஒருத்தி, மதியம் ஒருத்தி என்று தனித்தனியாக வந்து நடிப்பார்கள். எதிரே தோழிக்குப் பதிலாக ஒரு துடைப்பத்தை நிறுத்தி வைப்பார்கள். அதைப் பார்த்தே கொஞ்சினார்கள், கோபித்தார்கள். வெட்டி ஒட்டுகிறவர் மீதியைப் பார்த்துக்கொண்டார்.

தொடரைச் சினிமாவாக எடுக்கும்போதுதான் அதை எழுதிய கதாசிரியை மாட்டிக்கொண்டாள். பெரிய திரையில் இருவரும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றார் தயாரிப்பாளர். ஒரு காட்சி எடுத்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் படமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

கதாசிரியை இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். காலில் விழாத குறை.

சமையலறை செட்டில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். கண்கள் வசனத் தாளை விட்டு நிமிரவில்லை.

கொண்டைக்காரி முதல் ஜோக்கைச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். கண்ணாடிக்காரியும் வாயைத் திறக்கவில்லை.

தொடரில் ஒவ்வொரு ஜோக்குக்கும் பிறகு பதிவு செய்த சிரிப்பைச் சேர்ப்பார்கள். அதற்காக மூன்று விநாடி விட்டு விட்டுப் பேசியே இருவருக்கும் பழக்கம். படத்தில் அந்தச் சிரிப்பு கிடையாது என்று சொல்லக் கதாசிரியை மறந்திருந்தாள்.

இரண்டாவது ஜோக். மறுபடி மூன்று விநாடி. யாரோ இருமினார்கள்.

தயாரிப்பாளர் எழுந்து செருப்பைத் தேடினார். கதாசிரியையின் ஒன்பது வருட எழுத்து, கண்ணெதிரே செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியது.

மூன்றாவது இடைவெளியில் தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தவர்கள், எதிரே துடைப்பம் இல்லாததால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி ஆயிற்று.

“உங்கம்மாவுக்கு முட்டிவலி தேவலையாடி?” என்றாள் கண்ணாடிக்காரி.

அது வசனத்தில் இல்லை.

“எட்டு வருஷம் கழிச்சு விசாரிக்கிற. அம்மா ஓடுறா. இப்ப எனக்குத்தான் வலி.”

முதலில் கண்ணாடிக்காரியின் தோள் குலுங்கியது. அப்புறம் இருவரும் மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தார்கள். கொண்டை அவிழ்ந்தது. கண்ணாடி கழன்று விழுந்தது. விளக்குக்காரர் ஏணியைக் கட்டிக்கொண்டு சிரித்தார். தயாரிப்பாளர் ஒரு கால் செருப்போடு திரும்பி உட்கார்ந்தார். இயக்குநருக்குக் ‘கட்’ சொல்லவே தோன்றவில்லை.

கதாசிரியை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வசனத் தாளில் தன் ஜோக்குகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். இடைவெளிகளை மட்டும் விட்டு வைத்தாள்.

படம் வந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது. அந்தக் காட்சியும் அப்படியே இருக்கிறது.

தொடரிலும் சரி, படத்திலும் சரி, அந்த இரண்டு வேடங்களிலும் நடித்தது ஒரே நடிகை. நம்பாவிட்டால் என் பல்லை எண்ணிப் பாருங்கள்.