ஐந்தடிக்கு அப்பால்

“சுவரைப் பாத்து நில்லுங்க, டெல்மர். ஒரு காதை விரலால அடைச்சுக்கங்க. நான் ரகசியமாச் சொல்றதை நீங்க சத்தமாத் திருப்பிச் சொல்லணும், அவ்வளவுதான்.”

டெல்மர் சுவரை நோக்கித் திரும்பி நின்றார்.

லாரி ஓட்டுநருக்கான உடற்தகுதிச் சோதனையில் இரத்த அழுத்தம் தேறிவிட்டது. கண் பார்வை தேறிவிட்டது. சிறுநீரிலும் குறையொன்றும் இல்லை. எஞ்சியிருந்தது செவி மட்டுமே. ஐந்தடி தூரத்தில் நின்று டாக்டர் முணுமுணுப்பது விளங்கினால், நெப்ராஸ்காவின் மாட்டிறைச்சியை இன்னும் ஈராண்டுகளுக்கு அமெரிக்காவின் இரு கடற்கரைகளுக்கும் ஏற்றிச் செல்லலாம். விளங்காவிட்டால் செவிக்கருவி பொருத்திக்கொண்டுதான் மீண்டும் வரவேண்டும். அதுவரை லாரி வீட்டு வாசலில் நிற்கும்.

தம் செவியைப் பற்றி அவருக்கு ஐயமே இல்லை. பின் சக்கரத்தில் சிறு கல் சிக்கினாலும் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கண்டுபிடிப்பவர் அவர்.

சிக்கல், கதவோர நாற்காலியில் அமர்ந்திருந்தது.

லொரீன். அவருடைய மனைவி.

அவளை அவர் அழைக்கவில்லை. சரக்கை இறக்கிவிட்டு லாரியோடு நேரே மருத்துவமனைக்கு வந்தவர், உள்ளே நுழைந்தபோதே திடுக்கிட்டார். வீட்டிலிருந்து காரில் வந்து அவள் அந்த நாற்காலியைப் பிடித்திருந்தாள்.

“நல்லாச் சோதிச்சுப் பாருங்க, டாக்டர். மூணு குளிர்காலமா இந்த மனுசன்கிட்டப் பேசறதும் எங்க வீட்டு அடுப்புகிட்டப் பேசறதும் ஒண்ணாத்தான் இருக்கு. அடுப்பாவது சூடாகும்.”

மூன்று குளிர்காலங்களுக்கு முன், பள்ளிக்கூடச் சமையலறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மாலை, உணவு மேசையில் அவள் கேட்டாள்: “அடுத்த நடைக்கு நானும் உன்கூட வரட்டுமா?”

லாரியின் முன்னறை டெல்மரின் தனிக்கோட்டை. அங்கே அவர் சுருதி சேராமல் வாய்விட்டுப் பாடுவார். காலுறைகளைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் எறிவார். வறுத்த கோழியை மடியிலேயே வைத்துத் தின்பார். அன்று அவருக்கு மறுக்கவும் வாய் வரவில்லை. இசையவும் மனம் வரவில்லை.

“ஆமா, நாளைக்குப் பனி கொட்டுமாம்” என்று சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

அந்த ஒரு வேளைக்காகச் செவிடானவர், பிறகு செவிடாகவே காலந்தள்ள வேண்டியதாயிற்று. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் பனியைப் பற்றியும் சோள விலையைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தார். பழியை எஞ்சின் இரைச்சலின்மேல் போட்டார். ஊரும் நம்பிவிட்டது.

இப்போது எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால் வண்டி மிஞ்சும், குட்டு உடைந்துபோகும். வேண்டுமென்றே தவறவிட்டால் காதில் கருவி ஏறும். கருவி ஏறிய பிறகு பனியைப் பற்றி எப்படிப் பேசுவது?

எப்படிப் பார்த்தாலும் செவிட்டு வாழ்வு இன்றோடு முடிந்தது. வண்டியையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று துணிந்தார்.

“எழுபத்து மூணு” என்று காற்றைப்போல் ஒலித்தது டாக்டரின் குரல்.

“எழுபத்து மூணு!”

“செவப்புக் களஞ்சியம்.”

“செவப்புக் களஞ்சியம்!”

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. டெல்மர் திரும்பவில்லை.

மற்றக் காதை அடைத்துக்கொண்டார். “புதன்கிழமை” என்று வந்தது, திருப்பிச் சொன்னார். “மழைக்கோட்டு” என்று வந்தது, அதையும் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் அவருடைய குரல், மனப்பாடம் ஒப்பிக்கும் மாணவன் குரல்போல் உயர்ந்துகொண்டே போயிற்று. வண்டி கைக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியில் நாற்காலியை அடியோடு மறந்தார்.

இன்னொரு முணுமுணுப்பு வந்தது. முன்னவை எல்லாவற்றினும் மெல்லியது.

“அடுத்த நடைக்கு நானும் வர்றேன்!” என்று டெல்மர் கணீரென்று திருப்பிச் சொன்னார்.



“அதை நான் சொல்லலையே” என்றார் டாக்டர்.

டெல்மர் மெல்லத் திரும்பினார். லொரீன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கைப்பையின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தாள். அந்த நாற்காலிக்கும் அவருக்கும் இடையே ஐந்தடிக்கு மேல் நன்றாகவே இருந்தது.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஈராண்டுச் சான்றிதழில் கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் லொரீன் தன் காரைக் கடந்து லாரியை நோக்கி நடந்தாள்.

“லொரீன், நான் வந்து…”

“வாயத் தொறக்காத. மொத மாசமே எனக்குத் தெரியும். நான் கேக்கறப்பல்லாம் உன் காது தக்காளியாட்டம் செவந்துபோகுமே! காது கேக்காதவனுக்கு அது ஏன் செவக்குது?”

“கார்?”

“கெடக்கட்டும் இங்கயே.”

பக்கத்து இருக்கையில் குவிந்திருக்கக்கூடிய பனிக்கால டயர்ச் சங்கிலிகளையும் காலுறைகளையும் வாரி எறிவதற்காகக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே அவள் படியேறிக் கதவைத் திறந்தாள்.

இருக்கையில் குப்பை ஏதும் இல்லை. நீலக் கட்டம் போட்ட புதுமெத்தை ஒன்று அதன்மேல் கிடந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. உறையின்மேல் தூசி தடித்துப் படிந்திருந்தது.

அந்தத் தூசியில் அவள் விரலை வைத்து இழுத்தாள்.

“இது எப்ப வாங்கினது?”

அவள் குரல் எழும்பவே இல்லை. சாலையில் கால்நடை லாரியொன்று இரைந்துகொண்டு போயிற்று. ஆயினும் டெல்மர் உடனே விடை சொன்னார்.

“போன வருசமே. கேட்டுச்சுன்னு உங்கிட்டச் சொல்லத்தான் வழி தெரியல.”