கண்ணால் பார்த்த சாட்சி

“திருடன் முதுகைக் காட்டி ஓடறப்போ பின்னாலேர்ந்து அடிச்சுக் கொன்னா, அது தற்காப்பா சார்?” என்று கேட்டார் புருஷோத்தமன்.

தெலுங்கு ஊர்தான் என்றாலும், சித்தூர்க்கார இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஓடினானா? கத்தியோட மேல பாய்ஞ்சான், வேற வழியில்லாம அடிச்சேன்னு ஃபெலிக்ஸ் எழுதிக் கொடுத்திருக்காரே!”

“மாடிப்படி திருப்பத்துல நின்னு என் கண்ணால பார்த்தேன். அவன் திரும்பி ஓடினான். இவர் துரத்திப் போய் கிரிக்கெட் மட்டையால போட்டார்.”

“அதான் அடி பின்மண்டையில விழுந்திருக்கு! ஓடறவனை அடிச்சா தற்காப்பு இல்ல சார். கொலை கேஸ்.”

சொன்னதில் பொய் கிடையாது. ஆனால் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவரை ஸ்டேஷன் வரை தள்ளிக்கொண்டு வந்தது வயிற்றெரிச்சல்தான். அல்வாலில் அந்த அபார்ட்மென்ட் கட்டிய நாளிலிருந்து செகரெட்டரி அவர். தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் ரிப்பேருக்கும் நாயாய் அலைந்தவர் அவர். திருடனை வீழ்த்தியதற்குச் சால்வை மட்டும் எதிர் ஃப்ளாட் ஃபெலிக்ஸுக்கு! அடுத்த செகரெட்டரியும் ஃபெலிக்ஸ்தான் என்று பேச்சு வேறு.

சாயங்காலம் ஃபெலிக்ஸை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புருஷோத்தமனுக்குக் காபி தனி ருசியாக இருந்தது.

“எந்தப் பாவி சொன்னான் இப்படி?” மனைவி மைதிலி பதறினாள்.

“நான்தான். மாடிப்படி திருப்பத்துல நின்னு பார்த்தேனே! முதுகைக் காட்டினவனை அடிக்கலாமா? சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?”

“முதுகைக் காட்டினது அவருக்கு! கத்தியைத் தூக்கிட்டு ஓடி வந்தது என்மேல!”

“என்ன உளர்றே?”

“வாசல்ல கோலம் போட்டுட்டிருந்தேன். நீங்க நின்ன இடத்துலேர்ந்து நம்ம வாசல் தெரியாது. அவர் அடிக்கலேன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்.”

புருஷோத்தமன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“‘கோர்ட்டு கேஸுன்னு நீ அலைய வேண்டாம் தங்கச்சி, என்மேல பாய்ஞ்சான்னே சொல்லிடறேன்’னார். நானும் புத்திகெட்டுத் தலையாட்டினேன். இன்னொருத்தர் உயிரைக் காப்பாத்த அடிச்சாலும் தற்காப்புதானே? இப்பவே போய்ச் சொல்றேன்.” செருப்பை மாட்டினாள்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, மைதிலி!”

“உங்ககிட்ட சொல்றேன்னுதான் அவர்கிட்ட சொன்னேன். அவர்தான், ‘வேண்டாம்மா, எனக்கு சால்வை போட்டதுலயே சார் மூஞ்சி வாடிப்போச்சு. அவர் சம்சாரத்தையும் நான்தான் காப்பாத்தினேன்னு தெரிஞ்சா, மனுஷன் தாங்கமாட்டார்’னு தடுத்துட்டார்!”